மலையடிவாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார்: வீட்டுப் பராமரிப்பும் பழுது கண்டுபிடிப்பும்

திருவண்ணாமலையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வாரத்தில் எத்தனை நாள் வண்டி சும்மா நிற்கிறது என்பதுதான். வேகமாக ஓட்டிக் கெட்ட வண்டிகள் இந்த ஊரில் குறைவு. வெயிலில் நின்று கெட்டவை, கோயில் மாட வீதிக் கூட்டத்தில் ஊர்ந்து சூடானவை, பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சாலை அடைபட்டு வெளியே எடுக்கவே முடியாமல் பேட்டரி இறங்கியவை, எலி கடித்தவை என்பதே இங்கே வழக்கம்.

போலோ ஜி.டி., ஐ20 என் லைன் போன்ற சின்ன டர்போ வண்டியானாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்த தாழ்வான இரண்டு இருக்கை வண்டியானாலும் சரி, கீழே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும். பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்குச் சென்னை வரை கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் போக வேண்டும். எதை வீட்டில் செய்யலாம், எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் செலவும் அலைச்சலும் பாதியாகும்.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேடு (இது இல்லாமல் எதையும் தொடாதீர்கள்), தாழ்வான டிராலி ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை, டார்க் ரென்ச், மல்டிமீட்டர், டயர் காற்று பார்க்கும் கேஜ், ஜம்ப் கேபிள், நல்ல டார்ச், ரப்பர் கையுறை. இவற்றோடு எஞ்சினின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகி செல்போனில் பார்க்கும் சிறிய புளூடூத் கருவி போதும்.

வண்டியைத் தூக்கும் முறை

அவசரப்பட்டால் உயிரே போகும் வேலை இது. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்.

1. சிமெண்ட் தரையில் மட்டும் தூக்குங்கள். மண் தரையிலும், தெருவை நோக்கிச் சரிந்த வாசல் தளத்திலும் வேண்டாம்.
2. தாழ்வான வண்டிக்கு ஜாக்கி உள்ளே நுழையாது. அகலமான இரண்டு அங்குலப் பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். இப்போது இடம் கிடைக்கும்.
3. கியரில் அல்லது 'பி'-யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.
4. கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கியை வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும்.
5. தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, வண்டியின் எடையை அதன்மேல் இறக்குங்கள். பிறகு கையால் ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்குவதை ஊரில் நிறைய பார்க்கலாம். ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பார்வை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு:

1. வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், கவலையில்லை. பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறம் என்றால் கூலண்ட். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் ஆயில். சக்கரத்தின் உட்பக்கம் வழவழப்பான ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.
2. டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளவு பாருங்கள். டர்போ எஞ்சின்கள் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. 'மின்' கோட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.
3. கூலண்ட் டப்பாவின் அளவை வெளியிலிருந்தே பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம்.
4. நான்கு டயருக்கும் காற்று.
5. பானெட்டைத் திறந்து எலி வந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டரை மட்டும் கணக்கு வைக்காதீர்கள். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியாக வேண்டும். கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதே தரம். 5டபிள்யூ-30 என்றால் அதுதான். கடைக்காரர் "இங்கத்த வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது" என்பார். மறுத்துவிடுங்கள். இந்த எஞ்சின்களின் மெல்லிய ஆயில் வழிகளுக்கு அது ஒத்துவராது.

சூடாவது: ஊரின் முதல் நோய்

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. நெடுஞ்சாலையில் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாகக் கிடைக்கும். கோயிலின் பெரிய கோபுரத்தைச் சுற்றி நடை வேகத்தில் போகும்போது மின்விசிறி ஒன்றுதான் துணை. அந்த விசிறி பழுதானது நெடுஞ்சாலையில் தெரியவே தெரியாது. தேரடி வீதியில்தான் தெரியும்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கினால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஏசியை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். உங்களுக்கு வியர்க்கும், எஞ்சினுக்கு ஆறுதல் கிடைக்கும்.
2. முள் இறங்கவில்லை, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது, ஆவி வருகிறது என்றால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் அரை கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியதில் ஹெட் வளைந்த எஞ்சின்கள் பல.
3. குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பிடிக்க முடிகிற வரை மூடியின் பக்கம் போகாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.
4. ஆறிய பிறகு, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகி, அளவு பார்த்து ஊற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காரணத்தைத் தேடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். சற்று நேரத்தில் முன்பக்க விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால், அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயை (பல வண்டிகளில் ஹார்ன் ரிலே ஒத்துப்போகும்) எடுத்து மாற்றிப் போடுங்கள். இப்போது சுற்றினால் ரிலேதான் குற்றவாளி. சில நூறு ரூபாயில் முடிந்தது. அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டாரையோ ஒயரிங்கையோ பார்க்க வேண்டும். விசிறி எந்த நொடியும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். கையை விடும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

விசிறி சுற்றியும் சூடானால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கம் சாலையிலும் போளூர் சாலையிலும் ஓடும் வண்டிகளில் புளிய இலை, பூச்சி, கிரஷர் தூசி எல்லாம் கலந்து அங்கே பாய் போலப் படிந்திருக்கும். தோட்டக் குழாயில் மெதுவாக, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். பிறகு காற்றே போகாது.

*குறிப்பு:* கூலண்டோடு போர் தண்ணீரைக் கலக்காதீர்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் கையேட்டில் சொன்ன விகிதத்தில். கீழே சிந்திய கூலண்டை உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும்; தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது டி.சி.டி. கியர் உள்ள வண்டிகளுக்குக் கூட்டத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சின்ன டர்போ கார்களில் பெரும்பாலும் உலர் கிளட்ச் இருக்கிறது. அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். முன்னால் ஓர் ஆட்டோ நிற்கும் அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கியர்பாக்ஸ் சூடு என்ற எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, 'பி'-யில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருங்கள்.

டர்போவுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். திண்டிவனம் சாலையில் வேகமாக வந்திருந்தால், வீட்டுக்கு முந்தைய ஓரிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். வாசலில் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

நிற்கும் வண்டியின் பேட்டரி

"செல்ஃப் அடிக்கல" என்று வரும் புகார்களில் முக்கால்வாசி பேட்டரிதான். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்ய வேண்டும். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். (சில புதிய வண்டிகள் தாமே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.)

புதுப் பேட்டரியும் நாலு நாளில் இறங்கினால் ஏதோ ஒன்று இரவில் மின்சாரம் குடிக்கிறது. பெரும்பாலும் கடையில் தனியாக மாட்டிய டேஷ்கேம் அல்லது ஜி.பி.எஸ். கண்டுபிடிக்க: வண்டியைப் பூட்டி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து முனைக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கசிவு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவி போடாதீர்கள், மீட்டர் எரியும்.

ஜம்ப் செய்யும் வரிசை: சிவப்பு முதலில் இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை உங்கள் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில். கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் பானெட்டுக்குள் தனியாக ஜம்ப் முனை கொடுத்திருப்பார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரமே பேட்டரியை நிறைவாகச் சார்ஜ் செய்து வையுங்கள். வெளியே எடுக்க முடியாத நாட்களில் டிரிக்கிள் சார்ஜர் போட்டால் இன்னும் நல்லது. ஏ.ஜி.எம். பேட்டரி என்றால் சார்ஜரிலும் அந்த முறை இருக்க வேண்டும்.

எலி, குரங்கு, மயில்

ஓடாத எஞ்சின் அறை எலிக்கு வீடு. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிழிந்த துணி, வேப்பங்கொட்டை, புழுக்கை கிடந்தால் ஃபில்டரை மாற்றி, காற்று நுழையும் வாயில் மெல்லிய ஸ்டீல் வலை கட்டுங்கள். பிறகு ஒயர்கள், ஆக்சிஜன் சென்சார் ஒயர், வாஷர் குழாய், பானெட்டின் அடிப்பஞ்சு. புகையிலையைத் துணியில் முடிந்து போடுவது ஊர் வழக்கம். சில நாள் பலன் தரும், வாசனை போனதும் மாற்ற வேண்டும். எஞ்சின் பெல்ட் பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள். இரவில் பானெட்டைத் திறந்து வைத்தால் எலிக்கு அந்த இடம் பிடிக்காமல் போகும். கோழித் தீவனமும் அரிசி மூட்டையும் அதே ஷெட்டில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

ரமணாசிரமத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குக் குரங்கும் மயிலும் கூடுதல். வைப்பர் ரப்பரையும் துணிக் கூரையையும் குரங்கு பிய்க்கும். மயில், பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று கொத்தும். காற்று போகும் துணியில் செய்த கவர் போடுங்கள்; ஆனால் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். கல் தூசியின் மேல் கவரைப் போட்டால் காற்றில் ஆடி ஆடிப் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

டயரும் பிரேக்கும்

காற்றின் அளவு பொதுவாக ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். மத்தியான வெயிலில் அளவு கூடக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிட்டால், விடிகாலையில் குறைவான காற்றோடு ஓட்டுவீர்கள். பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தால் அந்த டயர் முடிந்தது. பஞ்சர் கடையில் என்ன சொன்னாலும் ஒட்ட வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும். ஐந்து வயதைத் தாண்டினால் வருடம் ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் திரவமும் சிறு கம்ப்ரசரும்தான் கொடுப்பார்கள். திரவத்துக்கும் காலாவதி தேதி உண்டு.

பிரேக் பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றுங்கள். முன்பக்கப் பேடை வீட்டில் மாற்றலாம்:

1. சக்கர நட்டுகளை, வண்டி தரையில் இருக்கும்போதே சற்று இளக்குங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள்.
2. காலிப்பரின் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள்.
3. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, பிஸ்டனை மெல்ல உள்ளே அமுக்குங்கள். ஆயில் பொங்கி வழிந்தால் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.
4. புதுப் பேடைப் பொருத்தி, டார்க் ரென்ச்சால் கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும்.
5. நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். இதை மறந்து வண்டியை எடுத்தவர்கள் சுவரில்தான் நின்றிருக்கிறார்கள்.

எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் பின்பக்கத்தை ஸ்கேனர் இல்லாமல் தொடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155. அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கட்டை போதும்.

புதுப் பேடைப் பழக்க, ஆளில்லாத நேரான சாலையில் அறுபதிலிருந்து இருபதுக்கு எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள். கிரிவலப் பாதையில் இதைச் செய்யாதீர்கள். அந்த 14 கிலோமீட்டரில் எந்த நேரத்திலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருப்பார்கள். வேகம் பார்க்க ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுமார் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது.

செக் எஞ்சின் விளக்கு

விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை நிதானமாக வரலாம். விட்டு விட்டு மின்னினால் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எரிக்கிறது என்று அர்த்தம்.

ஓ.பி.டி. கருவியில் குறியீட்டைப் படித்து முதலில் எழுதி வையுங்கள். அழிப்பது பிறகு. அடிக்கடி வருபவை: பி0300 வரிசை என்றால் மிஸ்ஸிங், பி0171 என்றால் காற்று அதிகம், பி0128 என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட், பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. குறியீடு நோயின் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பி0171 வந்ததும் சென்சார் வாங்கப் போகாதீர்கள். கழன்ற குழாயும் எலி கடித்த குழாயும்தான் முதல் சந்தேகம்.

மிஸ்ஸிங்கைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கும் முறை இது. பி0301 என்றால் முதல் சிலிண்டர். எஞ்சின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலையும் இரண்டாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் கெட்டது, குற்றம் அதோடு நகர்ந்துவிட்டது. பி0301 அப்படியே நின்றால் ஸ்பார்க் பிளக்குகளை இதே போல மாற்றிப் பாருங்கள். அதிலும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்; அங்கே உங்கள் வேலை முடிந்தது.

மாதக்கணக்கில் நின்ற வண்டி முக்கி முக்கி ஓடினால் பெட்ரோலையும் சந்தேகியுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் ஈ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நிறுத்தும் முன் டேங்க்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும். பெட்ரோல் மூடியின் உட்பக்கம் உங்கள் வண்டிக்கு எவ்வளவு எத்தனால் ஆகும் என்று ஒட்டியிருப்பார்கள், பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்று ஊருக்கே தெரியும். எச்சரிக்கை வந்தால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். வண்டியைக் காப்பாற்றத் திரும்பிப் போகாதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் காரின் காற்று வாய் தாழ்வாக இருக்கும். முழங்கால் அளவுக்கு முன்பே எஞ்சினுக்குள் தண்ணீர் போகலாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது நனைந்திருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல இருந்தாலோ, போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்கள் ஸ்டார்ட் செய்துவிட்டால் எஞ்சின் செலவைப் பொதுவாகக் கம்பெனி ஏற்காது.

வீட்டில் தொடக்கூடாதவை

ஏர்பேக் இணைப்புகள் (பெரும்பாலும் மஞ்சள் நிறம்), ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு கேபிள்கள், ஏசி கேஸ், டி.சி.டி. கியர்பாக்ஸின் உட்பகுதி. நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினின் பெட்ரோல் குழாயும் இதில் சேரும். 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். கசிவு தோலைத் துளைத்து உள்ளே போகும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் பிடித்து ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

இந்த வேலைகளுக்கு வண்டியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஃப்ளாட்பெட் லாரிதான் வேண்டும் என்றும், வண்டி தாழ்வானது, ஏற்றுவதற்குப் பலகை தேவை என்றும் போனிலேயே சொல்லிவிடுங்கள். முன்பக்க பம்பரில் திருகிப் பொருத்தும் இழுவை வளையம் டூல்ஸ் பையில் இருக்கும். அது உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகுவது என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்து வையுங்கள்.